மூவார், தைப்பிங், தஞ்சோங் பினாங்: ஓரிரவுக்கு எது, மூன்றிரவுக்கு எது?

சிங்கப்பூரிலிருந்து மலாக்காவும் பினாங்கும் போய்ப் பார்த்து அலுத்தவர்கள் அடுத்ததாக விசாரிப்பது பெரும்பாலும் இந்த மூன்று ஊர்களைத்தான்: மலேசியாவின் மூவாரும் தைப்பிங்கும், இந்தோனேசியாவின் பிந்தான் தீவிலுள்ள தஞ்சோங் பினாங்கும். மூன்றிலும் பழைய கடைவீடுகள் உண்டு, நல்ல கோப்பி உண்டு, கூட்டம் குறைவு. படங்களை வைத்துப் பார்த்தால் எங்கே போனாலும் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் சிற்றூர் என்பது நாளில் இரண்டு மூன்று மணி நேரம் மட்டுமே அழகாக இருப்பது. மிச்ச நேரம் அது வெயிலில் காயும் கடைத்தெரு. மூவாருக்கு அந்த நேரம் விடிகாலை. தைப்பிங்குக்கு மழைக்கு முந்திய பிற்பகல். தஞ்சோங் பினாங்குக்கு எதிரே இருக்கும் பென்யெங்காட் தீவுக்கு, வெயில் ஏறாத காலை. அந்த நேரத்தில் நீங்கள் ஊருக்குள் இருப்பீர்களா, உட்லண்ட்ஸ் எல்லைச்சாவடி வரிசையில் நிற்பீர்களா என்று கணக்குப் போட்டுத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூவார்

சிங்கப்பூரிலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர். சொந்தக் கார் இருந்தால் துவாஸ் வழி நல்லது. சுங்கக் கட்டணம் கூடுதல்தான், ஆனால் ஜோகூர் பாரு நகர நெரிசலைத் தொடாமல் வடக்கு நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். பாகோ வெளிவழியில் இறங்க வேண்டும். தங்காக் வரை போய்த் திரும்புவது வீண். கார் இல்லாதவர்கள் ஜோகூர் பாருவின் லார்க்கின் நிலையத்தில் பேருந்து மாறிச் செல்லலாம். அதற்கு மட்டும் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை ஏழு மணிக்கு, நம் வீடுகளில் இட்லித் தட்டு அடுப்பில் ஏறும் வேளையில், மூவாரில் கரி அடுப்பின் மேல் சத்தே, அதாவது குச்சியில் கோத்த இறைச்சி, வாடிக்கொண்டிருக்கும். சத்தேயைக் காலை உணவாகச் சாப்பிடும் ஊர் இது. பத்து மணிக்கு மேல் போய்விட்டு ‘ஒன்றுமே இல்லையே’ என்று திரும்புகிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் பயணமாக வந்தவர்கள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சோதனைச்சாவடியில் நுழைந்து, மதிய வெயிலில் மூவாரில் இறங்கினால் வேறென்ன கிடைக்கும்? முதல் நாள் மாலையே போய்ப் படுத்துவிட வேண்டும்.

மீ பண்டோங் என்ற நூடுல்ஸ் மூவாரின் பெயர் சொல்லும் உணவு. உலர்ந்த இறாலும் மிளகாயும் வெங்காயமும் அரைத்து, மாட்டிறைச்சிச் சாற்றில் கொதிக்கவிட்டு, அந்தக் கெட்டிக் குழம்பிலேயே முட்டையை உடைத்து ஊற்றுவார்கள். மாடு சாப்பிடாதவர்கள் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மேலே கிடக்கும் துண்டுகளை எடுத்துப் போட்டுவிட்டால் ஆயிற்று என்று நினைக்காதீர்கள், குழம்பே அந்தச் சாறுதான். அவர்களுக்கு அசாம் பெடாஸ் என்ற புளிப்புக் காரமான மீன் குழம்பு போதும்.

பார்ப்பதற்கு ஆற்றங்கரையும், 1930ல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் இப்ராஹிம் ஜாமிக் பள்ளிவாசலும். அக்கரையில் அதே சாயலில் புதிதாக இன்னொன்று நிற்கிறது. அவ்வளவுதான். ஒரு நாளுக்கு மேல் தாங்காத ஊர் என்பதை மறைப்பானேன்.

(குளுவாங்கையும் பலர் கேட்கிறார்கள். 1938 முதல் நடக்கும் ரயில்நிலையக் கோப்பிக்கடை நிஜமாகவே நன்று. ஆனால் அது ஒரு காலைப்பொழுது, ஒரு பயணமல்ல.)

தைப்பிங்

மூன்றில் ஒன்றை மட்டும் சொல் என்றால் இதுதான். பேராக் மாநிலத்தின் தலைநகராக 1937 வரை இருந்து, பிறகு அந்தப் பெருமையை ஈப்போவிடம் இழந்த ஊர். இழந்ததே நல்லதாயிற்று. ஊரை இடித்துக் கட்ட யாருக்கும் அவசரம் வரவில்லை. மலேசியாவின் முதல் ரயில் பாதை 1885ல் இங்கிருந்துதான் கடற்கரையில் இருந்த போர்ட் வெல்டுக்குப் போடப்பட்டது. வெள்ளீயம் ஏற்றிச்செல்ல அமைத்த பாதை அது. அந்த ஈயம் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நிரம்பியதுதான் இன்றைய ஏரிப் பூங்கா. கரையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளைகளை நீட்டி, நுனி தண்ணீரைத் தொடும்படி சாய்ந்து நிற்கின்றன.

தீபகற்பத்தில் அதிகம் மழை பெறும் ஊர்களில் தைப்பிங் முன்னணியில் உள்ளது. மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக் காற்று, ஊருக்குப் பின்னால் சுவர்போல நிற்கும் பிந்தாங் மலைத்தொடரில் முட்டி மேலேறிக் குளிர்கிறது. பகல் வெயில் அதற்குத் துணை. அதனால் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இறங்கும். காலையிலேயே 1883ல் தொடங்கிய பேராக் அரும்பொருளகத்தை முடித்துவிடுங்கள். மூன்று மணிக்கு ஏரிக்கரைக்குப் போங்கள். மலையுச்சி மேகத்துக்குள் மறைந்து ஏரி ஈயத்தின் நிறத்துக்கு மாறும்போது கிளம்பினால், நனையாமல் செண்டோல் கடைக்குள் நுழைந்துவிடலாம். நல்ல குடை வேண்டும். மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேரும் வழியில்தான் பலர் சறுக்குகிறார்கள். சிங்கப்பூரிலிருந்து இரவுப் பேருந்து மலிவு. ஆனால் தொலைதூரப் பேருந்துகளின் நிலையம் தைப்பிங்கில் இல்லை, சில கிலோமீட்டர் தள்ளிக் கமுந்திங்கில் இருக்கிறது. விடியுமுன் அங்கே இறக்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் வாடகை வண்டிக்குக் காத்திருப்பது, பிள்ளைகளோடு போகிறவர்களுக்குத் தண்டனை. இதைவிட, பினாங்குக்கு விமானத்தில் போய், ஜார்ஜ் டவுனிலிருந்து படகில் பட்டர்வொர்த் வந்து, படகுத்துறையை ஒட்டியே இருக்கும் நிலையத்தில் ரயில் ஏறலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தைப்பிங். ரயில் நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஈப்போவுக்கு விமானம் கிடைத்தால் தெற்கிலிருந்தும் இதே ரயில் பாதைதான். விரைவு ரயில் சீட்டுகள் பள்ளி விடுமுறையில் முன்கூட்டியே தீர்ந்துவிடும். விமானச் சீட்டு வாங்கும் அன்றே ரயிலையும் பதிவு செய்துவிடுங்கள்.

ஒரு பகலைக் கோலா செப்பெத்தாங்குக்கு ஒதுக்குங்கள். பழைய போர்ட் வெல்ட்தான் இந்தப் பெயரில் இருக்கிறது. மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் மரங்களை முப்பதாண்டுச் சுழற்சியில் வெட்டி, மண்ணும் செங்கல்லும் வைத்துக் கட்டிய குவிமாட உலைகளில் கரியாக்குகிறார்கள். ஒரு உலை எரிந்து, மூடி ஆறுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம். உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளிவரும் புகையின் நிறத்தையும் வாசனையையும் வைத்தே கணிப்பார்கள். மரத்தின் ஈரம் போகும்வரை வெண்புகை. நெருங்கி நின்றால் சட்டையில் அந்தப் புளித்த வாசனை இரண்டு நாள் தங்கும். திரும்பி வர வண்டி எளிதில் கிடைக்காது, கொண்டுவிடும் ஓட்டுநரிடமே காத்திருக்கப் பேசிவிடுங்கள்.

மூன்று இரவுகளுக்குக் குறைவாகத் தைப்பிங் போக வேண்டாம். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று பாதி கரைந்துவிடும்.

தஞ்சோங் பினாங்

பிந்தான் என்றதும் உல்லாச விடுதி நினைவுக்கு வந்தால், அது தீவின் வடக்குக் கரை, அதற்குப் படகுத்துறையும் வேறு. சீட்டு வாங்கும்போது ஊர்ப் பெயரைச் சரிபாருங்கள். தானா மேரா முனையத்திலிருந்து தஞ்சோங் பினாங்குக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கார் இல்லாதவர்களுக்கு ஓரிரவுக்கு மூவாரைவிட இதையே சொல்வோம். ஜோகூர் பாலத்தில் எத்தனை மணி நேரம் நிற்போம் என்று யாராலும் சொல்ல முடியாது, படகு சொன்ன நேரத்தை ஒட்டி வரும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்கள் மட்டும் விதிவிலக்கு. கடல் குமட்டும், வாந்தி மாத்திரையைக் கிளம்புமுன் போட்டுக்கொள்ளுங்கள்.

படகுத்துறை ஊரின் நடுவில் இருக்கிறது. அதற்கு அருகிலேயே பென்யெங்காட்டுக்குப் போகும் பொம்பொங் படகுகள். ஆள் நிறைந்தால்தான் கிளம்பும், கால்மணிப் பயணம். அந்தச் சிறு தீவு ஒரு சுல்தான் தன் மனைவி எங்கு புத்ரி ஹமிதாவுக்குக் கொடுத்த மணக்கொடை. மலாய் இலக்கணமும் குரிந்தாம் பாடல்களும் எழுதிய ராஜா அலி ஹாஜியின் கல்லறை இங்கேதான். 1832ல் எழுந்த மஞ்சள் பள்ளிவாசலின் சுண்ணாம்புக் கலவையில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு. குவிமாடம் பதின்மூன்று, கோபுரம் நான்கு. கூட்டினால் பதினேழு, ஒரு நாளின் ஐவேளைத் தொழுகையில் வரும் ரக்அத்துகளின் (தொழுகைச் சுற்றுகளின்) எண்ணிக்கை. வெள்ளி நண்பகலில் போகாதீர்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

இங்கே கடிகாரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். படகுச் சீட்டில் அந்தந்த ஊர் நேரம் இருக்கும். பிற்பகல் மூன்று மணிப் படகில் ஏறினால் சிங்கப்பூரில் இறங்கும்போது ஐந்து அல்ல, ஆறு.

கடப்பிதழ் விஷயத்தில்தான் செலவு மாறும். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு இரு நாட்டிலும் விசா தேவையில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மலேசியா 2026 டிசம்பர் 31 வரை விசா விலக்கு தந்திருக்கிறது, மின்னிலக்க வருகை அட்டையைப் போய்ச் சேருவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். இந்தோனேசியாவிலோ வந்திறங்கியதும் விசா எடுக்க வேண்டியவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபியா. நால்வருக்கு 20 லட்சம் ஆகிறது, ஓரிரவுக்கு அது கட்டுப்படியாகாது. அவர்களுக்குக் கார் இல்லாவிட்டாலும் மூவார்தான். சிங்கப்பூர்க் காரில் போகிறவர்கள் மலேசிய வாகன நுழைவு அனுமதியை எடுத்துவைக்க வேண்டும், இல்லையென்றால் 300 ரிங்கிட் அபராதம். கிளம்பும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோலும் இருக்க வேண்டும். அதைச் சரிபார்ப்பது நம் பக்கத்துச் சாவடியிலேயே.