கட்டுநாயக்கா டு திருச்சி, சென்னை: அட்டன்ல இருந்து போறவங்களுக்கு

போன்ல தேடினா கொழும்பு (ஏர்போர்ட் இருக்கறது கட்டுநாயக்காவுல)–சென்னை ஒரு 645 கிலோமீட்டர், கொழும்பு–திருச்சி 415 சொச்சம், நேரம் ஒண்ணேகால் மணி, ஒரு மணின்னு காட்டும். கணக்கு சரிதான், ஆனா இலங்கை மலையகத்து அட்டன்ல இருந்து பல வருஷமா ரெண்டு ஊருக்கும் போய் வர்ற எனக்கு அந்த நம்பர் ஒண்ணுக்கும் உதவல.

டைம்டேபிள்ல போடுற நேரம் கேட்ல இருந்து கேட் வரைக்கும், பிளேன பின்னால தள்ளுறது, ரன்வே வரைக்கும் ஊர்றது எல்லாம் அதுல சேத்தி. திருச்சிக்கு வானத்துல இருக்கறது முக்கால் மணிதான், இந்தியாவுல இறங்கறதுக்கு பேப்பர் கார்டு குடுத்த காலத்துல அதுல பாஸ்போர்ட் நம்பர் எழுதி அட்ரஸுக்கு வர்றதுக்குள்ள பெல்ட் போட சொல்லிடுவாங்க. வானம் தெளிவா இருந்தா வலது ஜன்னல்ல மன்னார் பக்கத்து மணல் திட்டெல்லாம் தெரியும். 1964 புயலுக்கு முன்னாடி நம்ம பெரிசுங்க தலைமன்னார்ல கப்பல் ஏறி தனுஷ்கோடி போன கடல் அதுதான்.

பலாலி, அதாவது யாழ்ப்பாணத்து ஏர்போர்ட், சென்னைக்கு கிட்டன்னு சிலர் சொல்றாங்க. யாழ்ப்பாணம்–சென்னை 355 கிலோமீட்டர் கிட்டத்தான், ஆனா அதுல ஓடுறது ஏடிஆர், காத்தாடி வச்ச பிளேன், ஜெட் 800க்கு மேல போற எடத்துல இது 500தான் போகும், அதனால தூரம் பாதியானாலும் நேரம் ஒண்ணும் பெருசா கொறயாது. வடக்குல இருக்கறவங்களுக்கு அருமை. நமக்கு யாழ்ப்பாணம் போய் சேரவே ஒரு ராத்திரி பஸ் வேணுமே.

உண்மையான பயணம் ரோட்டுலதான். அட்டன்–கட்டுநாயக்கா 130 கிலோமீட்டர் கிட்ட இருக்கும், நாலரை மணி நேரம் பிடிக்கும், வட்டவளையில மழை கொட்டுச்சுன்னா அஞ்சரை கூட ஆகும், கினிகத்தேனை தாண்டி கித்துல்கல வளைவுல பின் சீட்டு புள்ளைங்க எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டே ஷாப்பிங் பேக்க கையில பிடிச்சுக்கிட்டு வரும், அவிசாவளை வந்தாத்தான் அதுங்க மூஞ்சில உசிரு வரும். கவுன்டர் ஒரு மணி நேரத்துக்கு முன்னயே மூடிடுவாங்க, அதனால காலை ஏழு மணி பிளேன்னா முதல் நாள் ராத்திரியே வேன் ஏறணும். நான் பாக்கறது மத்தியானத்துக்கு மேல கிளம்புற பிளேன் மட்டும்தான், ரெண்டாயிரம் மூவாயிரம் கூட ஆனாலும் பரவால்ல, நீர்கொழும்புல ரூம் போடுற காசு மிச்சம்.

சென்னையா திருச்சியான்னா, புதுக்கோட்டை, பெரம்பலூர் பக்கம் சொந்தம் இருக்கறவங்க கண்ண மூடிக்கிட்டு திருச்சி எடுங்க. சென்னையில இறங்கினா திருச்சிக்கு மறுபடி 330 கிலோமீட்டர் பஸ்ஸு, ஆஸ்பத்திரி, கல்யாண ஜவுளின்னு வேலை இருந்தா மட்டும் சென்னை.

திரும்பி வரும்போது ராத்திரி பத்து பதினொண்ணுக்கு இறங்குற பிளேன் மலிவா கெடைக்கும். வேணாங்க. பெட்டி வந்து வேன் பிடிக்கவே நடுச்சாமம் ஆயிடும், அதுக்கப்புறம் பனியில கினிகத்தேனை ஏத்தம், டிரைவர் தம்பி கண்ணு சொக்குதான்னு நாமதான் முழிச்சு பேசிக்கிட்டே வரணும்.