கடலோர ஈரத்தில் நாணயச் சேமிப்பு: ஆல்பம், அட்டை ஹோல்டர், கேப்ஸ்யூல் எது தாங்குகிறது?

மலிவு விலை காயின் ஆல்பத்தில் முதல் வருஷம் ஒரு குறையும் சொல்ல முடியாது. பக்கம் வளைந்து கொடுக்கும், காசு பளிச்சென்று தெரியும். சில கோடைகள் தாண்டியதும் செம்பு, செம்பு-நிக்கல் காசுகளில் பிசுபிசுவென்று பச்சைப் படலம் ஏறும். பக்கத்தை மென்மையாக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் கசிகிறது. பக்கத்தின் பிளாஸ்டிக்கான பிவிசியும் மெல்லச் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுகிறது. சென்னை, தூத்துக்குடி வெக்கையிலும் ஈரத்திலும் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

உறையில் ‘பிவிசி இல்லை’ என்று அச்சிட்டிருந்தாலும் சோதித்துவிடுவது நல்லது. செம்புக் கம்பி ஒன்றை இடுக்கியில் பிடித்து, அடுப்புத் தீயில் பச்சை நிறம் வருவது நிற்கும் வரைக்கும் காய்ச்சுங்கள். சூடாக இருக்கும்போதே ஆல்பத்தின் ஓரத்தைத் தொட்டு, ஒட்டிய துளியோடு மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பளீர்ப் பச்சையாக மாறினால் பிளாஸ்டிக்கில் குளோரின் இருக்கிறது, பெரும்பாலும் பிவிசிதான். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல.

பச்சை ஏறிய காசைக் கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றிச் சில நிமிஷம் ஊறவிட்டு, புது அசிட்டோனில் ஒருமுறை முக்கி எடுத்து, துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது ஆகாது. பக்கத்தில் தீ இருக்கவே கூடாது. உலோகம் ஏற்கெனவே அரித்திருந்தால் அந்தக் குழி போகாது. புளி, எலுமிச்சை, விபூதி, பாத்திரப் பொடி எதையும் காசில் தேய்க்காதீர்கள். பழுப்பேறிய காலணாவைப் பளபளப்பாக்கினால் அதன் மேல்பரப்பே போய்விடும். பிறகு யாராலும் திருப்பித் தர முடியாது.

விலைக்கும் பாதுகாப்புக்கும் சேர்த்துப் பார்த்தால் 50 மிமீ சதுர அட்டை ஹோல்டர்தான் நம் ஊருக்குச் சரி. இரண்டாக மடிக்கும் இந்த அட்டையின் நடுவிலுள்ள வட்ட ஜன்னலில் இருப்பது பாலியஸ்டர் படலம். அதில் பிளாஸ்டிசைசர் இல்லை. காசைவிட சுமார் 2 மிமீ பெரிய ஜன்னல் வாங்குங்கள்: 30.5 மிமீ உள்ள பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்க்கு 32.5, பழைய ஸ்டீல் ஒரு ரூபாயின் 25 மிமீக்கு 27.5. பசை தடவி வரும் ரகம் வேண்டாம், வெயில் காலத்தில் பசை இளகி உள்ளே ஊரும். ஸ்டேப்ளர் பின் அடிக்கும் ரகத்தில் மடிப்பு தவிர்த்த மூன்று பக்கமும் காசிலிருந்து தள்ளி அடித்து, பின்னின் கால்களைக் குறடால் தட்டையாக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஹோல்டரின் படலத்தைக் கிழிக்கும். காசில் கீறல் விழுவது பெரும்பாலும் வெளியே எடுக்கும்போதுதான். அட்டையைப் பிய்க்காமல், முதலில் எல்லாப் பின்னையும் கழற்றிவிடுங்கள்.

9 கிராம் எடையுள்ள பழைய ஐந்து ரூபாய் மாதிரித் தடித்த காசுகளை அட்டைக்குள் திணித்தால் படலம் இழுபட்டு ஓரத்தில் கிழியும். அவற்றுக்கும் விலை கூடிய வெள்ளிக்கும் காசை மூடிவைக்கும் வட்டச் சிமிழான அக்ரிலிக் கேப்ஸ்யூல் போதும்.

எந்த ஹோல்டரும் ஈரத்தைத் தடுக்காது. காற்றுப் புகாத பாலிபுரொப்பிலீன் டப்பாவில் ஹோல்டர்களை நிறுத்திவைத்து, 5 லிட்டருக்கு 50 கிராம் ஆரஞ்சு சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரமானி ஒன்றும் போடுங்கள். முதலில் போட்ட ஜெல் சில நாளிலேயே நிறம் மாறும். டப்பா ஒழுகுகிறது என்று நினைக்க வேண்டாம், அட்டை குடித்துவைத்த ஈரம் அது. ஜெல்லை 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போட்டால் அப்புறம் நிலைக்கும். ஈரமானி 40 சதவீதத்துக்குக் கீழே காட்டுவது நல்லது. சோழர் கால, நாயக்கர் காலச் செப்புக் காசுகளில் தங்கிய குளோரைடு, ஈரம் ஏறினால் வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து உலோகத்தைத் தின்னும். அப்படிப் பூத்ததை உடனே தனி டப்பாவுக்கு மாற்றுங்கள்.

டப்பாவை ஸ்டீல் பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். பிளைவுட் அலமாரி அமில ஆவி விடும். ரப்பர் பேண்டின் கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். அந்துருண்டையும் அங்கே வேண்டாம்.

லேபிளைக் காசு வைப்பதற்கு முன்பே, வெற்று அட்டையில் பென்சிலால் எழுதுங்கள். ஜெல் பேனா மை ஈரத்தில் பரவும். வரிசை எண், மதிப்பு, ஆண்டு, உலோகம், எடை, விட்டம், நாணயசாலை: இவ்வளவும் அட்டையில் இருந்தால் போதும். நாணயசாலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம் ஹைதராபாத், வைரக்குறி மும்பை, வட்டப் புள்ளி நொய்டா. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. அங்கே கட்டத்தைக் காலியாக விடாமல் ‘குறி இல்லை’ என்று எழுத வேண்டும். காலியாக இருந்தால் பார்த்ததா, பார்க்காததா என்று பின்னால் தெரியாது. 1985 ஒரு ரூபாயில் ஆண்டுக்குக் கீழே ‘எச்’ எழுத்து இருந்தால் அது பர்மிங்காமில் அடித்தது. அதை லேபிளில் குறிக்காவிட்டால் சாதாரண ரூபாயோடு கலந்துவிடும்.

வாங்கிய விலை, தேதி, விற்றவர் பெயர் ஆகியவை அட்டையில் வேண்டாம். அதே வரிசை எண்ணில் கணினிப் பட்டியலில் ஏற்றி, இரு பக்கப் படமும் சேர்த்து, ஒரு பிரதியை வீட்டுக்கு வெளியே வையுங்கள். டப்பாவின் மேல் ‘நாணயம்’ என்று எழுதாமல் எண் மட்டும் ஒட்டுங்கள்; அந்த எண்ணுக்கான பட்டியல் எங்கே இருக்கிறதென்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.