பார்வையற்ற பிள்ளைக்கு எந்தப் பள்ளி?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 31, ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். தேர்வு நம்முடையது. சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

சிறப்புப் பள்ளியின் பெரிய பலம் பிரெய்ல், அதாவது தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்து. ஆறு புள்ளிகளை விரல் நுனியால் படிக்கத் தினமும் பழக வேண்டும். அங்கே ஆசிரியருக்கும் பிரெய்ல் தெரியும், பக்கத்தில் இருக்கும் பிள்ளையும் அதையே படிக்கும். வெள்ளைக்கோல் பிடித்துத் தனியாக நடக்கவும் முறையாகப் பழக்குவார்கள். ஆனால் பெரும்பாலும் விடுதிதான். ஆறு வயதில் அம்மாவை விட்டுப் பிரிவது சின்ன விஷயமில்லை.

பக்கத்துத் தெருப் பள்ளியில் பிள்ளை வீட்டிலேயே வளரும், தெருப் பிள்ளைகளோடு பழகும். பார்வையுள்ள பிள்ளைகளும் இவனோடு விளையாடக் கற்றுக்கொள்வார்கள். எனக்கு அது மிகப் பெரிய லாபம். சிக்கல் வகுப்புக்குள் வருகிறது. ஆசிரியர் கரும்பலகையில் எழுதிவிட்டு “இதைப் பாருங்கள்” என்றால் இவனுக்கு ஒன்றுமே கிடைக்காது. எழுதுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வரைபடத்தைத் தொட்டறியும்படி தர வேண்டும். பல பள்ளிகளுக்குப் பொதுவான சிறப்பாசிரியர் எப்போதாவது வந்து போனால் பிரெய்ல் கைகூடாது.

பரீட்சையில் பிள்ளை சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் இரண்டு இடத்திலும் கேட்டுப் பெறலாம்.

பிரெய்ல் சொல்லித்தர வாரம் தவறாமல் ஆள் வருவார் என்றால் நான் பக்கத்துப் பள்ளியையே சொல்வேன். இல்லாவிட்டால் முதல் சில ஆண்டுகள் சிறப்புப் பள்ளி, அப்புறம் ஊர்ப் பள்ளி.