அமைதியான குவேசார்களின் ரேடியோ அலை: விண்மீன்களா, கருந்துளையா?

குவேசார் என்பது, நடுவிலுள்ள ராட்சதக் கருந்துளை வாயுவை விழுங்குவதால் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்மீன் மண்டல மையம். 3சி 273 போன்ற குவேசாரில் சந்தேகமே இல்லை. மையக் கருந்துளையிலிருந்து பீறிடும் தாரைதான் ரேடியோ அலையின் ஊற்று. ஆனால் இப்படிப் பலமாக ஒலிப்பவை ஏறக்குறைய 10 சதவீதம்தான். மற்றவை ‘அமைதியான’ குவேசார்கள்; அவற்றில் மெலிதாக வரும் ரேடியோ அலை எங்கிருந்து?

ஒரு பதில், குவேசார் குடியிருக்கும் தாய் விண்மீன் மண்டலம். பெரிய விண்மீன்கள் சூப்பர்நோவாவாக வெடிக்கும்போது எலெக்ட்ரான்கள் ஒளிவேகத்தை நெருங்கி, காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலையை உமிழ்கின்றன. விண்மீன்கள் பிறக்கும் மண்டலங்களில் தொலை அகச்சிவப்பு ஒளியும் ரேடியோ அலையும் சேர்ந்தே ஏறி இறங்கும். இரண்டையும் வரைபடத்தில் குறித்தால் ஒரு கோடு கிடைக்கும்; அமைதியான குவேசார்கள் பலவும் இந்தக் கோட்டிலேயே விழுகின்றன.

இன்னொரு பதில், கருந்துளையேதான்: சிறிய தாரை, அருகிலிருந்து கிளம்பிச் சுற்றியுள்ள வாயுவை மோதும் காற்று, அல்லது கருந்துளையைச் சுற்றும் வாயு வட்டுக்கு மேலுள்ள கொரோனா என்னும் மிகச் சூடான வாயு. இங்கும் பெரும்பாலும் அதே சுழலும் எலெக்ட்ரான்கள்தான். அதனால் நிறமாலையை (அலைநீளவாரியாக ஒளி பிரியும் விதத்தை) மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ரேடியோ அலை வரும் இடம் எவ்வளவு பெரியது என்பதுதான் காட்டிக்கொடுக்கும். விண்மீன் உருவாக்கம் ஆயிரக்கணக்கான ஒளியாண்டுகள் பரந்திருக்கும். அதன் பிரகாச வெப்பநிலை, அதாவது ரேடியோ ஒளி எவ்வளவு செறிவாக வருகிறது என்பதை வெப்பநிலையாகச் சொல்லும் அளவு, சுமார் 1 லட்சம் கெல்வினைத் தாண்டாது. கண்டங்களுக்கு இடையே தொலைநோக்கிகளை இணைத்துப் பார்த்தபோதோ, சில அமைதியான குவேசார்களின் மையம் 1 கோடி கெல்வினுக்கும் மேல் காட்டியது. விண்மீன்களால் அது ஆகாது.

சரி, கருந்துளைதான் என்று முடித்துவிடலாமா? அவசரப்படக் கூடாது. அந்த இணைப்புத் தொலைநோக்கிகள் பரவிய மங்கலான ஒளியைத் தவறவிடும். மையத்தின் ரேடியோ அளவை மொத்த அளவோடு ஒப்பிட்டு, மிச்சத்தை அகச்சிவப்போடு பொருத்திப் பார்ப்பதே நம்பகமான வழி. எல்லாவற்றுக்கும் ஒரே பதில் தேடுவதைவிட, ஒவ்வொரு குவேசாருக்கும் இந்தப் பங்கீட்டைப் போடுவதே சரி என்பேன்.