4 செ.மீ. நீர்க்கட்டிக்குச் சினைப்பையையே எடுக்கச் சொன்னார்கள்

கடந்த ஆண்டு இடது அடிவயிற்றில் விட்டுவிட்டு வந்த வலிக்காக எங்கள் ஊரிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றேன். ஸ்கேனில் இடது சினைப்பையில் 4.2 செ.மீ. நீர்க்கட்டி தெரிந்தது. அன்று எனக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள். அதைக் கேட்டுக்கொள்ளாமலேயே, சினைப்பைப் புற்றுநோயில் உயரக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் சி.ஏ.125 பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு 48 என்று வந்ததும், 35-ஐத் தாண்டினாலே புற்றுநோய்ச் சந்தேகம்தான் என்றும், அந்த வாரமே லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை) செய்து சினைப்பையை எடுத்துவிட வேண்டும் என்றும் மருத்துவர் கூறினார். மிரண்டுபோன என் கணவர் உடனே 25,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டார்.

செவிலியராக இருக்கும் என் நாத்தனார்தான், கையெழுத்துப் போடும் முன் அரசு மருத்துவமனையில் ஒருமுறை காட்டும்படி வற்புறுத்தினார். அங்கிருந்த மருத்துவர் அம்மா, எங்கள் கையிலிருந்த அதே அறிக்கையைப் படித்துக் காட்டினார்: மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர், தடுப்புகளோ திடப்பகுதியோ இல்லை. மாதந்தோறும் முட்டையைத் தாங்கி ஏறத்தாழ 2 செ.மீ. வரை வளர்ந்து வெடிக்க வேண்டிய நுண்பை, வெடிக்காமல் நீர் கோத்துப் பெருத்தால் இப்படித்தான் தெரியும் என்றும், மாதவிலக்கு நிற்கும் வயதை எட்டாத பெண்களுக்கு 5 செ.மீ.க்குள் உள்ள இத்தகைய கட்டி பெரும்பாலும் இரண்டு மூன்று சுழற்சிகளில் தானே வற்றிவிடும் என்றும் விளக்கினார். சி.ஏ.125 மாதவிலக்கின்போதும், கருப்பையில் நார்த்திசுக் கட்டி இருந்தாலும்கூட உயருமாம். எனக்கு அந்தப் பரிசோதனையே தேவைப்பட்டிருக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, மாதவிலக்கு முடிந்த கையோடு எடுத்த ஸ்கேனில் கட்டி இல்லை.

எல்லாக் கட்டியும் இப்படி வற்றாது. முடியும் கொழுப்பும் அடங்கிய டெர்மாய்டும், பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டியும் பெரும்பாலும் தாமாகக் கரைவதில்லை. ஆனால் அவற்றிலும் இளம் பெண்களுக்குக் கட்டியை மட்டும் உரித்தெடுத்துச் சினைப்பையைக் காப்பதே வழக்கம். மாதவிலக்கு நின்றவர்களுக்குக் கணக்கு வேறு. திடீரெனத் தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. (ஹார்மோன் கோளாறான பிசிஓடியில் தெரியும் சிறுசிறு நுண்பைகளையும் இதையும் நாம் ஒரே சொல்லால் 'நீர்க்கட்டி' என்பது, பயமுறுத்துகிறவர்களுக்கு வசதியாகிவிட்டது.)

முன்பணத்தைத் திரும்பக் கேட்டபோது, அறுவை அரங்கு ஒதுக்கிய செலவு என்று 9,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். ரசீதில், 'நோயாளி சிகிச்சைக்கு மறுத்தார்' என்று எழுதியிருந்தது.