வெயிட்லிஸ்ட் கடிதம் வந்ததா? முதலில் காமன் டேட்டா செட்டைத் திறங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் வெயிட்லிஸ்டில் போட்டுவிட்டால், கன்சல்டன்ட்டுக்குப் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டிய இலவச ஆவணம் காமன் டேட்டா செட் (Common Data Set). அட்மிஷன் முதலான கணக்குகளைப் பல்கலைக்கழகங்களே வருடந்தோறும் ஒரே மாதிரிப் படிவத்தில் வெளியிடுவது இது. பல்கலைக்கழகத்தின் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று கூகுளில் தேடினால் பெரும்பாலும் பிடிஎஃப் கிடைக்கும். நேராக சி2 பகுதிக்குப் போங்கள்.

அங்கே மூன்று எண்கள் இருக்கும்: வெயிட்லிஸ்டில் இடம் தரப்பட்டவர்கள், அதை ஏற்றுக்கொண்டவர்கள், கடைசியில் அட்மிஷன் கிடைத்தவர்கள். மூன்றாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். முதல் எண்ணால் வகுத்தால் வாய்ப்பு இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும், ஏனென்றால் பலர் பட்டியலில் தொடரவே சம்மதிப்பதில்லை. பட்டியலுக்கு ரேங்க் உண்டா என்பதும் அங்கேயே குறித்திருக்கும்.

ஒரே வருடக் கணக்கை நம்பிவிடாதீர்கள். ஐந்து வருடக் கோப்புகளையாவது வரிசையாகப் பாருங்கள். நேரடியாக இடம் கிடைத்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சேர்ந்துவிட்டால், அந்த வருடம் பட்டியல் அசையாது. ‘சராசரி’ என்று ஒன்றைப் பிடித்துத் தொங்குவது வீண்.

பெரிய குறை ஒன்று உண்டு. சி2-வில் வெளிநாட்டு மாணவர்களுக்கும், நிதியுதவி கேட்டவர்களுக்கும் தனிக் கணக்கு இல்லை. நம்மவர்களுக்கு வேண்டியதே அதுதான்! போதாததற்கு, சில பல்கலைக்கழகங்கள் இந்தக் கட்டங்களைக் காலியாகவே விட்டுவிடுகின்றன.

எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மே 1-க்குள் வேறொரு கல்லூரியில் டெபாசிட் கட்டிவிடுங்கள். அது பெரும்பாலும் திரும்பி வராது. ஜூனில் அழைப்பு வந்தால் புதிய கல்லூரியின் ஐ-20 (மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் படிவம்) வேண்டும். விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்குமா என்பதையும் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.