முட்டை, காய்கறி பேக்: மஃபின் குழியிலா, ஒரே தட்டிலா?

காலை ஆறரைக்கு ஒருவர், ஏழேகாலுக்கு ஒருவர், எட்டு மணிக்கு நான் என்று கிளம்பும் வீடு எங்களுடையது. ஞாயிறு சாயங்காலமே முட்டையையும் காய்கறியையும் ஓவனில் பேக் செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், புதன் வரை காலையில் சூடு பண்ணும் வேலை மட்டும்தான். மஃபின் ட்ரேயில் குழிக்கு ஒரு முட்டை கணக்கில் ஊற்றலாம். இல்லையென்றால் ஒரே கண்ணாடித் தட்டில் ஊற்றித் துண்டு போடலாம். பல வாரங்கள் மாற்றி மாற்றிச் செய்துவிட்டேன். சுடச்சுடச் சாப்பிடும்போது பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றாம் நாள்தான் தெரிகிறது.

மஃபினில் அளவு பார்க்கும் வேலை இல்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், ஆளுக்கு இரண்டு எடுத்தால் கணக்கு முடிந்தது. மகளுக்குப் பச்சை மிளகாய் போடாமல் நாலு குழி தனியாகவும் ஊற்றலாம். 180 டிகிரியில் 20 நிமிடத்தில் வெந்துவிடும். ஆனால் அந்த வேகம்தான் சிக்கலும். குழி சின்னது, நடுப்பகுதி வேகும் முன்பே உலோகத்தை ஒட்டிய ஓரம் அளவுக்கு மீறி வெந்துவிடுகிறது. அதிகம் வெந்த முட்டைப் புரதம் இறுகி, பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் கக்கிவிடும். செவ்வாய்க்கிழமை டப்பாவைத் திறந்தால் அடியில் வெளிர் மஞ்சளாகத் தண்ணீர் நிற்கும், மஃபினோ ரப்பர் மாதிரி இருக்கும். எண்ணெய் தடவியும் குழியின் அடியில் ஒட்டிக்கொள்வதைச் சுரண்டுவது தனி வேலை.

தட்டுக்கு நான் போடுவது 8 முட்டை, அரை கப் பால், வதக்கிய காய் 2 கப். 160 டிகிரியில் 35 நிமிடம் போல ஆகும். நேரம் கூடுதல்தான், ஆனால் குறைந்த சூட்டில் சீராக வேகிறது, பாலும் முட்டை இறுகுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறது. நடுவில் கத்தியைச் செருகினால் மாவாக ஒட்டாமல் வரவேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் 71 டிகிரி வந்ததும் எடுத்துவிடுங்கள்.

எதில் செய்தாலும் காயை வதக்காமல் போடாதீர்கள். தக்காளியில் நூற்றுக்கு 90க்கு மேல் தண்ணீர்தான், காளானும் பாலக்கும் அப்படியே. வாணலியில் 'சொய்ங்' சத்தம் அடங்கி, அடியில் ஈரம் இல்லாமல் காயும்வரை வதக்கி ஆறவிட வேண்டும். எனக்குப் பிடித்தது முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும்; தண்ணீர்த் தொல்லை குறைவு.

ஓவன் இல்லையென்றால், ஓட்டை இல்லாத இட்லித் தட்டில் ஆவியில் வேகவைக்கலாம். மென்மையாக வரும், மேலே அந்தப் பொன்னிறம் மட்டும் கிடைக்காது.

எதுவானாலும் ஆறியவுடன், 2 மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். 3, 4 நாளுக்கு மேல் வைக்காதீர்கள். அதற்கும் மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசர்தான், அங்கே மஃபினே மேல். ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்து, வேண்டியதை மட்டும் எடுக்கலாம். மகளின் பரீட்சை வாரத்துக்கு ஆறு மஃபின் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

மற்ற வாரங்களில் தட்டுதான். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: துண்டு தட்டையாக இருப்பதால் தோசைக்கல்லில் படிந்து உட்காரும். சிறு தீயில் மூடி போட்டு 3 நிமிடம் வைத்தால் உள்ளே நன்றாகச் சூடேறி, வெட்டிய பக்கம் முறுகலாகிவிடும். அதன்மேல் கொஞ்சம் மிளகுத்தூள் தூவிக் கொடுத்தால், ஆறரை மணிக்காரர் இரண்டாவது துண்டும் கேட்பார்.